ஐந்து திருகாணிகளும் சந்தைப் பங்கும்

ஃபிரேம்வொர்க் 13 மடிக்கணினியைக் கவிழ்த்தால் அடியில் ஐந்து திருகாணிகள் தெரியும். கூடவே வரும் சிறு திருப்புளியால் அவற்றைத் தளர்த்திவிட்டு, கணினியை நிமிர்த்தி, விசைப்பலகை பதித்த மேல்தட்டைத் தூக்கினால் போதும். காந்தத்தால் ஒட்டியிருந்த தட்டு கையோடு வந்துவிடுகிறது. உள்ளே மின்கலம், நினைவகம், சேமிப்பகம், வைஃபை அட்டை, விசிறி என ஒவ்வொன்றும் பெயர் எழுதப்பட்டு, பக்கத்தில் ஒரு கியூஆர் குறியோடு இருக்கின்றன. அந்தக் குறியைக் கைபேசியால் படித்தால் அந்தப் பாகத்தைக் கழற்றி மாற்றும் வழிமுறை திறக்கிறது. பசை இல்லை, உடைத்தால்தான் திறக்கும் கொக்கிகள் இல்லை. பழுதுபார்ப்பின் எளிமையை அளந்து மதிப்பெண் தரும் ஐஃபிக்ஸிட் இந்தக் கணினிக்குப் பத்துக்குப் பத்து கொடுத்ததில் வியப்பில்லை. ஆனால் கழற்றிப் பூட்ட எளிதானது என்ற ஒரே தகுதியை வைத்து, இதைச் செய்யும் சிறு நிறுவனம் பெரிய நிறுவனங்களிடமிருந்து சந்தையில் ஒரு பங்கைப் பிடுங்க முடியுமா? மொன்றியலில் கணினி வாங்குகிறவருக்கு இந்தக் கேள்வி வேறெந்த ஊரைவிடவும் நெருக்கமானது. அதற்குக் காரணம் கியூபெக்கின் சட்டம்.

போட்டியின் அளவை முதலில் பார்த்துவிடலாம். 2024இல் உலகெங்கும் ஏறத்தாழ 26 கோடி கணினிகள் கடைகளுக்குப் போயின. அதில் பாதிக்கும் மேல் லெனோவோ, எச்பி, டெல் என்ற மூன்று பெயர்களில். ஆப்பிளின் பங்கு நூற்றுக்கு ஒன்பது அளவில். ஃபிரேம்வொர்க்கோ, ஆக்குலஸ் நிறுவனத்தின் தொடக்ககாலப் பொறியாளரான நிரவ் படேல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. 2021இல் அதன் முதல் கணினி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும்தான் முதலில் வந்தது. விற்பனைப் பட்டியல்களில் இன்றும் அது 'மற்றவை' என்ற கடைசி வரிக்குள் அடங்கிவிடுகிறது.

கணினியாக இது எப்படி? 2025இல் வந்த ஏஎம்டி ரைசன் ஏஐ 300 வரிசைச் சிப் அன்றாட வேலைக்குத் தேவையைவிட அதிக வேகம் தருகிறது. திரை 13.5 அங்குலம், அகலத்துக்கும் உயரத்துக்கும் 3:2 விகிதம்; கட்டுரையோ கணக்கோ எழுதுகிறவருக்கு அந்தக் கூடுதல் உயரம் பெரிய உதவி. எடை 1.3 கிலோ. பக்கத்துக்கு இரண்டாக உள்ள நான்கு துளைகளில் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ, நினைவக அட்டை என்று வேண்டியதைச் செருகிக்கொள்ளலாம். பின்னால் உள்ள இரண்டு துளைகளுக்கு மட்டுமே யூஎஸ்பி4 வேகம் உண்டு என்பதை வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். விசைப்பலகை ஆழமாகவும் உறுதியாகவும் அழுந்துகிறது. கியூபெக் கடைகளில் கிடைக்கும் மடிக்கணினிகள் பலவற்றில் இருமொழி விசைப்பலகையே வரும்: இடது ஷிஃப்ட் விசை பாதியாகக் குறுகி, என்டர் விசை ஒடுங்கி, ஆங்கிலத்தில் வேகமாக எழுதுகிறவர் விரல் தடுமாறும். பள்ளியில் பிரெஞ்சு, வேலையில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று மூன்று மொழியில் எழுதும் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. இங்கே கனடிய பிரெஞ்சு விசைப்பலகையோ அமெரிக்க ஆங்கில விசைப்பலகையோ விரும்பியதை வாங்கலாம். மனம் மாறினால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். தமிழ்99 விண்டோஸிலும் லினக்ஸிலும் எப்போதும்போல இயங்குகிறது. குறைகள் உண்டு. ஒலிபெருக்கி சுமார். 61 வாட்மணி மின்கலம் மேக்புக் ஏர் ஓடும் நேரத்துக்கு ஓடாது. அதே சிப்பும் நினைவகமும் உள்ள பிற கணினிகளோடு ஒப்பிட்டால் விலையும் அதிகம்.

இத்தனை குறையோடு ஒரு சிறு நிறுவனம் எப்படிப் பிழைக்கும் என்பவர்களுக்கு மொன்றியலின் சொந்த அனுபவமே ஆதாரமாகக் கிடைக்கிறது. விமான நிலையத்தை ஒட்டிய டோர்வாலில் 1976இல் லார்ன் ட்ரோட்டியேவும் பிராங்கோ மாட்டிச்சும் தொடங்கிய மாட்ராக்ஸ், தொண்ணூறுகளில் உலகின் முன்னணி கிராஃபிக்ஸ் அட்டை நிறுவனங்களில் ஒன்று. 1995இன் மில்லெனியம் அட்டை படத் துல்லியத்துக்குப் பேர்போனது. 1999இன் ஜி400 ஒரே அட்டையில் இரண்டு திரைகளை இயக்கிக் காட்டியது. 2002இல் பர்ஹீலியா மூன்று திரைகளோடு வந்தது. சில மாதங்களில் ஒன்டாரியோவின் ஏடிஐ கொண்டுவந்த ரேடியான் 9700 அதை விளையாட்டு வேகத்தில் வெகுதூரம் பின்தள்ளியது. சிப்பின் வேகப் போட்டியில் ஆண்டுதோறும் கொட்ட வேண்டிய பணம் மாட்ராக்ஸிடம் இல்லை. ஆனால் நிறுவனம் மறையவில்லை. கட்டுப்பாட்டு அறைகள், மருத்துவமனைத் திரைகள், பல திரைச் சுவர்கள் என்று நம்பகம் வேகத்தைவிட முக்கியமான இடங்களுக்குப் போனது. 2014இல் சொந்தச் சிப்பைக் கைவிட்டு ஏஎம்டியின் சிப்பை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அதன் பழைய ஜி200 வடிவமைப்போ சர்வர்களின் மேலாண்மைச் சிப்புக்குள் பல ஆண்டுகள் உயிரோடிருந்தது. பெரியவர்கள் ஓடும் ஓட்டத்தில் ஓடிய இடத்தில் மாட்ராக்ஸ் தோற்றது. அவர்கள் அக்கறை காட்டாத தேவையை நிறைவேற்றிய இடத்தில் நிலைத்தது. ஃபிரேம்வொர்க் அந்த முதல் ஓட்டத்தில் சேரவே இல்லை. சிப்பை ஏஎம்டியிடமும் இன்டெலிடமும் வாங்குகிறது. தான் செய்வது அந்தச் சிப்பைச் சுற்றியுள்ள உடலை.

அந்த உடல்தான் வாதத்தின் மையம். 2021இல் வாங்கிய ஃபிரேம்வொர்க் 13க்குள் 2025இன் தாய்ப்பலகையைப் பொருத்தலாம். பழைய பலகை டிடிஆர்4 நினைவகத்தில் ஓடியது, புதியது டிடிஆர்5 கேட்கிறது. ஆகவே நினைவகமும் புதிதாக வேண்டும். ஆனால் திரை, உடல், மின்கலம், செருகு அட்டைகள் எல்லாம் அப்படியே தொடரும். கழற்றிய பலகையைத் தனியாக ஒரு சிறு பெட்டியில் வைத்து மேசைக் கணினியாகவும் ஓட்டலாம். சந்தைப் பங்கு என்பது காலாண்டுக்கு எத்தனை முழுக் கணினிகள் அனுப்பப்பட்டன என்ற எண்ணிக்கை. பலகை மாற்றியவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஒருவர் எட்டு ஆண்டுகளில் மூன்று கணினி வாங்கினால் போட்டியாளருக்கு மூன்று. ஒரு கணினியும் இரண்டு பலகையும் வாங்கினால் ஃபிரேம்வொர்க்குக்கு ஒன்று. தான் சொன்னதைச் சரியாகச் செய்யும் அளவுக்கு அந்த அட்டவணையில் இந்த நிறுவனம் சிறுத்தே தெரியும். அந்த எண்ணை வைத்து இதன் வெற்றியை அளப்பது தவறு என்பதே என் முடிவு. எண்ண வேண்டியது, ஒரு குடும்பமோ பள்ளியோ கணினிக்காகச் செலவழிக்கும் பணம் எத்தனை ஆண்டுகளுக்கு யாரிடம் போகிறது என்பதை.

இது வெற்றிபெற்றால் பெரியவர்கள் நகலெடுத்துவிடுவார்களே என்பது நியாயமான மறுப்பு. 2007இல் ஏசுஸ் கொண்டுவந்த சிறிய, மலிவான ஈ பிசி ஒரு புதுவகையையே தொடங்கியது. ஏசர், எச்பி, டெல் எல்லாரும் விரைவில் அதே வகையில் இறங்கினார்கள். இப்போதும் நகலெடுப்பு தொடங்கிவிட்டது. 2024இல் லெனோவோவின் திங்க்பேட் டி14, ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து வடிவமைக்கப்பட்டு பத்துக்கு ஒன்பது வாங்கியது. ஆனால் பாகம் மாற்றுவதை நகலெடுப்பது வேறு, தாய்ப்பலகையையே மாற்றி அடுத்த கணினி விற்பனையை விட்டுக்கொடுப்பது வேறு. டெல் 2021இல் காட்டிய, பிரித்துச் சேர்க்கும் லூனா மாதிரிக் கணினி கடைக்கு வரவில்லை. முழுக் கணினி விற்றே வாழும் நிறுவனத்துக்கு அந்த விட்டுக்கொடுப்பு வலிக்கும்.

கியூபெக் இங்கேதான் முக்கியமாகிறது. 2023 அக்டோபரில் நிறைவேறிய 29ஆம் எண் மசோதா, வேண்டுமென்றே சீக்கிரம் பழுதாகும்படி பொருள் செய்வதைத் தடைசெய்தது. 2025 அக்டோபர் 5 முதல் உதிரிபாகங்களும் பழுதுபார்க்கும் தகவலும் நியாயமான விலையில், நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும். பாகங்களை எளிதில் கிடைக்கும் கருவிகளால், மீளாத சேதமின்றி மாற்ற முடிய வேண்டும். 2024 நவம்பரில் கனடிய நாடாளுமன்றமும் பழுதுபார்ப்புக்காக மின்பூட்டைத் திறப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தில் அனுமதித்தது. சட்டம் கேட்பதை ஃபிரேம்வொர்க் முதல் நாளிலிருந்தே செய்கிறது. மற்றவர்களுக்கு அது புதுச் செலவு. ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது: பாகம் கிடைக்கும் என்று உறுதி தரமாட்டோம் என்று வாங்குமுன்னரே எழுத்தில் அறிவித்துவிட்டால் அந்தக் கடமையிலிருந்து நிறுவனம் விலகிக்கொள்ளலாம். அந்த அறிவிப்பு வாங்குகிறவரின் கண்ணில் படாத மூலையில் கிடந்தால் சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். மொன்றியலில் கணினி வாங்கும் எவரும் பணம் கட்டுமுன் அதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இந்த நிறுவனத்தை நான் நம்பத் தயங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று மென்பொருள். நீண்ட ஆயுளை விற்கிறவர் பழைய பலகைகளுக்கு பயாஸ் புதுப்பிப்பைத் தாமதிக்கக் கூடாது. தாமதித்தார்கள்; 2024இல் ஒப்புக்கொண்டு சீர்செய்ய இறங்கினார்கள். அது தொடர வேண்டும். மற்றது கொள்முதல் பலம். 2025 இறுதியில் நினைவகச் சிப்புகளின் விலை ஏறியபோது ஃபிரேம்வொர்க்கும் தன் நினைவக விலையைக் கூட்ட வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் வாங்கும் லெனோவோவுக்கு அந்த அடி மெதுவாக விழும். நினைவகம் இல்லாமலே வாங்கி, கையில் இருப்பதைப் பொருத்தும் வசதி அதை ஓரளவு தாங்குகிறது. இதையெல்லாம் மீறிய பெரிய தடை கடை அலமாரிதான். ஆகஸ்டில் பள்ளிக்குத் தயாராகும் குடும்பம் பியூரோ ஆன் க்ரோவுக்கோ காஸ்ட்கோவுக்கோ போகிறது. ஃபிரேம்வொர்க் இணையத்தில் நேரடியாக விற்கிறது. தொட்டுப் பார்க்காத கணினிக்குக் கூடுதல் பணம் கொடுக்க எல்லாராலும் முடியாது. ஆகையால் இதன் வளர்ச்சி, நூறு கணினிக்கு ஒரு தொழில்நுட்பரை வைத்திருக்கும் பள்ளி வாரியங்களிலும் சிறு அலுவலகங்களிலும்தான் தொடங்கும்.

ஏற்கெனவே பழைய ஃபிரேம்வொர்க் 13 வைத்திருப்பவர் புதுக் கணினி வாங்கத் தேவையில்லை. பலகையும் நினைவகமும் போதும். நாள் முழுக்க மின்செருகி கிடைக்காதவருக்கு மேக்புக் ஏர். பழுதானால் ஆள் வீட்டுக்கு வர வேண்டும் என்பவருக்கு அந்த ஒப்பந்தத்தோடு வரும் திங்க்பேட். ஒரே கணினியை ஆறேழு ஆண்டு ஓட்ட எண்ணி, ஒரு திருப்புளியைப் பிடிக்கத் தயங்காதவருக்கு ஃபிரேம்வொர்க். அவசரமில்லாதவர் 2026 அக்டோபர் 5 வரை பொறுக்கலாம். அன்று முதல் கியூபெக்கில் மடிக்கணினி உட்படச் சில பொருட்களுக்கு, நன்றாக இயங்கும் என்ற சட்டபூர்வ உத்தரவாதம் நடைமுறைக்கு வருகிறது, எந்த நிறுவனத்தின் கணினியானாலும்.