256 நிறங்களில் ஒரு பேரரசு

புல்தரை சிவப்பாக இருக்கும். கடல் ஊதாவாகத் தெரியும். ஆட்களின் முகத்தில் பச்சைப் புள்ளிகள். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆட்டத்தின் 1999ஆம் ஆண்டு சீடியை விண்டோஸ் விஸ்டாவிலோ விண்டோஸ் 7இலோ ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. முதலில் சீடி கீறிவிட்டது என்று நினைப்போம். பிறகு கிராபிக்ஸ் கார்டு போச்சு என்று நினைப்போம். இரண்டுமே இல்லை.

அந்த ஆட்டம் 256 நிறங்களில் வரையப்பட்டது. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் அது நிறத்தைச் சொல்வதில்லை, 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத்தான் சொல்கிறது. எந்த எண் எந்த நிறம் என்பது தனியே ஓர் அட்டவணையில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், முழுத் திரைக்கும் ஒரே அட்டவணைதான். அதில் 20 இடங்களை விண்டோஸே தனக்கென்று எடுத்து வைத்திருந்தது. ஆட்டம் ஓடும்போது பின்னால் இருக்கும் டெஸ்க்டாப், அதாவது எக்ஸ்ப்ளோரர், அட்டவணையில் கை வைத்துவிட்டால் முடிந்தது கதை. ஆட்டம் எப்போதும்போல அதே எண்ணைத்தான் அனுப்புகிறது. அகராதியில் அந்த எண்ணுக்குப் பொருள் மாறிவிட்டது. புல் சிவப்பாகிறது.

இதற்கு அந்நாளில் சொல்லப்பட்ட வைத்தியம் முரட்டுத்தனமானது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரைக் கொன்றுவிட வேண்டும். டெஸ்க்டாப் மறையும், கீழே இருக்கும் பட்டையும் மறையும், ஆட்டம் மட்டும் சரியான நிறத்தில் ஓடும். ஆடி முடித்த பிறகு எக்ஸ்ப்ளோரரை மறுபடி உயிர்ப்பித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 8 வந்தபின் நிலைமை இன்னும் மாறியது. புதிய டிரைவர்கள் 32 பிட் நிறத்தை மட்டுமே நேரடியாகத் தருகின்றன. 256 நிறம் கேட்கும் பழைய ஆட்டத்துக்கு 'இந்தா, அதேதான்' என்று நடித்துக் காட்டுகிறது விண்டோஸ். கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் 'குறைந்த நிற முறை' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது இந்த நடிப்புக்கான கட்டம்தான்.

இன்று இதைவிட நாகரிகமான வழி இருக்கிறது. சிஎன்சி-டிடிரா, டிஜிவூடூ 2 போன்ற இலவசக் கருவிகள். ஆட்டத்தின் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு சிறு டிஎல்எல் கோப்பைப் போட்டுவிடுகிறோம். ஆட்டம் டைரக்ட்டிராவைத் தேடும்போது பெரும்பாலும் தன் வீட்டுக்குள்தான் முதலில் பார்க்கும். அங்கே இருப்பது விண்டோஸின் டைரக்ட்டிரா அல்ல, அதன் வேஷம் போட்ட மொழிபெயர்ப்பாளர். பழைய கட்டளையை வாங்கி, இன்றைய கார்டுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடுகிறார். நிற அட்டவணையையும் அவரே தனியாக வைத்துக்கொள்கிறார், வேறு யாரும் தொட முடியாது. மொழிபெயர்ப்பைப் பற்றி இலக்கியக் கூட்டங்களில் நாம் பேசுவதெல்லாம் இங்கே அப்படியே பொருந்துகிறது: நல்ல மொழிபெயர்ப்பாளர் இருப்பது தெரியக்கூடாது என்ற வாதம் உட்பட.

ஆனால் நிறம் சரியானதும் அடுத்த கேள்வி வருகிறது. எந்தத் திரை அளவு?

1999 பதிப்பு மூன்று அளவுகளைத் தந்தது: 800×600, 1024×768, 1280×1024. இதை வெறும் 'கிராபிக்ஸ் ஆப்ஷன்' என்று கடந்துபோகிறோம். அது தப்பு. இந்த ஆட்டத்தில் ஒரு வீரனின் படம் இத்தனை புள்ளி உயரம் என்று வரைந்து வைத்தாகிவிட்டது. திரை அளவைக் கூட்டினால் அவன் அழகாவதில்லை, சின்னதாகத் தெரிகிறான், அவனைச் சுற்றி நிலம் கூடுதலாகத் தெரிகிறது. 800×600இல் 4,80,000 புள்ளிகள். 1280×1024இல் 13,10,720. அதாவது கிட்டத்தட்ட 2.7 மடங்கு நிலம் ஒரே பார்வையில். ரசிகர்கள் செய்த யூசர்பேட்ச் மூலம் 1920×1080 வைத்துக்கொண்டால் 4.3 மடங்கு. எதிரியின் குதிரைகள் வருவதை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிடுகிறீர்கள். சிறிய திரையில் ஆடியவனுக்கு அதே குதிரைகள் திடீரென்று ஓரத்திலிருந்து பாயும்.

நாவல் விமர்சனத்தில் இதற்குப் பெயர் உண்டு: பார்வைக்கோணம். ஒரு பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லப்படும் கதையும், மேலிருந்து எல்லாம் தெரிந்தவன் சொல்லும் கதையும் ஒன்றல்ல. ஆப்ஷன் பட்டியலில் ஒரு வரியை மாற்றியதும் இந்த ஆட்டத்தின் கதைசொல்லி மாறிவிடுகிறான். 800×600 பயம் கலந்த ஆட்டம், 1920×1080 நிர்வாகம்.

அளவை மாற்றாமல் பழையபடியே ஆடுகிறேன் என்றாலும் தப்ப முடியாது. அன்றைய கண்ணாடிக்குழாய் மானிட்டர் 4:3. இன்றைய திரை 16:9. கவனிக்காமல் விட்டால் படம் பக்கவாட்டில் 33 சதவீதம் இழுபடும், குதிரையெல்லாம் எருமையாகிவிடும். இரு ஓரமும் கறுப்புப் பட்டை விட்டால் உருவம் சரியாகும். ஆனால் 600 வரிகளை இரட்டிப்பாக்கினால் 1200, 1080 வரித் திரையில் அது அடங்காது. எனவே ஒன்று, நடுவில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிய கூர்மையான படம். அல்லது, திரை நிறைந்த மங்கலான படம். 2160 வரி கொண்ட 4கே திரை வாங்கினால் மும்மடங்காக 1800 அடங்கும். பழைய ஆட்டத்தை அதன் பழைய தோற்றத்தில் பார்க்க ரொம்பப் புதிய திரை வேண்டும் என்பது வேடிக்கையான உண்மை.

'அப்படியானால் எதுதான் அசல்?' என்று கேட்பீர்கள். சுவடிப் பதிப்பாளர்கள் நூறு வருடங்களுக்கு முன்பே சந்தித்த கேள்வி இது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டவர். ஊர் ஊராக ஏடு தேடிய அவரிடம் ஒரே நூலுக்குப் பல சுவடிகள் சேர்ந்தன, ஒன்றுக்கொன்று வேறுபட்டன. அவருடைய பதிப்புகளின் பெரிய நேர்மை, தான் ஏற்ற பாடத்தை மேலே போட்டு, வேறு பாடங்களை அடிக்குறிப்பில் காட்டியது. தேர்வு அவருடையது, ஆனால் தேர்ந்தெடுத்த தடயத்தை அழிக்கவில்லை. பின்னால் வந்தவன் சண்டை போட இடம் வைத்தார்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மைக்ரோசாஃப்ட்டின் மறுபதிப்புகளைப் பார்ப்போம். 2013இல் எச்டி பதிப்பு. 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் பதிப்பு, 'முடிவான பதிப்பு' என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டு. படங்கள் எல்லாம் புதிதாகச் செய்யப்பட்டன. பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்க்கலாம். கட்டடம் இடியும்போது கல் கல்லாகச் சரிகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1999இன் முகத்துக்குத் திரும்பிப் போக அதில் ஒரு பொத்தான் கிடையாது. ஸ்டார்கிராஃப்ட் மறுபதிப்பில் (2017) எஃப்5ஐ அழுத்தினால் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் நடுவே தாவலாம். இதே வரிசையின் முதல் ஆட்டத்துக்கு 2018இல் வந்த டெஃபினிட்டிவ் பதிப்பில்கூட பழைய தோற்றத்தில் ஆடும் முறை இருந்தது. அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள். அடிக்குறிப்பில்லாத பதிப்பு. ஆகவே எக்ஸ்ப்ளோரரைக் கொல்வதும் டிஎல்எல் தேடுவதும் ஏதோ நேரம் போகாதவர்கள் வேலை என்று நான் நினைக்கவில்லை. பாடபேதத்தைக் காப்பாற்றும் வேலை அது.

இங்கே நின்றுவிட்டால் நான் ஒரு பழமைவாதியாகப் பாராட்டு வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் சுங்கை பினாங்கில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு எளிதாக 'அசலே உயர்ந்தது' என்று சொல்ல முடியவில்லை. காரணம், அந்த அசலில் நாம் இல்லை.

1999 சீடியில் பிரிட்டன்கள் உண்டு, ஜப்பானியர் உண்டு, வைக்கிங்குகள் உண்டு. இந்தியாவே இல்லை. மலாய்த் தீவுகளும் இல்லை. முதலில் 'இந்தியர்' என்ற ஒற்றை மூட்டை வந்தது 2013இல், எச்டி பதிப்பின் விரிவாக்கத்தில். அதைச் செய்தவர்கள் ரசிகர்களாகத் தொடங்கிய குழு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2016இல் மலாயர் வந்தார்கள், கரம்பிட் கத்தி ஏந்திய வீரர்களோடு. 2022இல் இந்திய மூட்டை அவிழ்க்கப்பட்டு திராவிடர் தனியானார்கள். உருமி வீசும் வீரன், திரிசடை என்ற கப்பல், ராஜேந்திரன் பேரில் ஒரு கதைத்தொடர். வீரனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். முதல்முறை கேட்டபோது உடம்பு சிலிர்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சிலிர்ப்பு அடங்கிய பிறகு விமர்சகனின் வேலை தொடங்குகிறது. 'திராவிடர்' என்று ஒரு பேரரசு இடைக்காலத்தில் எங்கே இருந்தது? அந்தச் சொல்லை மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்தியது கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு நூல். சோழரும் பாண்டியரும் ஒருவர் ஊரை ஒருவர் கொளுத்தியவர்கள். இங்கே இருவரும் ஒரே கொடியில் வருகிறார்கள். 'இந்தியர்' என்ற மூட்டையை அவிழ்த்தவர்கள் இன்னொரு மூட்டையைக் கட்டியிருக்கிறார்கள். 4கே கூர்மையில் அந்தக் கட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடாரம் நமக்கு ஏட்டுச் செய்தியும் இல்லை. பினாங்கிலிருந்து கடலைத் தாண்டினால் கெடா. 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பற்படை வந்ததைத் தஞ்சைக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. கடாரத்தில் வாழ்ந்தவர்கள் அதை எப்படிச் சொன்னார்கள் என்பது கல்வெட்டில் இல்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் இருந்த பழைய சண்டிகளில் ஒன்றை, எண் 11ஐ, 2013இல் வீடமைப்புக்காக இடித்துவிட்டது செய்தியானது. கல்லாக இருந்த சான்று போய்விட்டது, திரையில் கல் கல்லாகச் சரியும் கட்டடங்கள் வந்திருக்கின்றன. இந்த மண்ணில் தமிழர் என்றாலே பேரரசன் ராஜேந்திரன் என்ற கதை ஏற்கனவே மேடைகளில் அதிகம். தோட்டத்திலும் துறைமுகத்திலும் முதுகு வளைத்தவர்களுக்கு எந்த ஆட்டத்திலும் தனிக் கதைத்தொடர் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தது பினாங்கில், 1972இல். பழைய புராசஸர்கள் பலவற்றின் முதுகில் 'மலேய்' என்று அச்சடித்திருக்கும். கிலாங் பஸ்ஸில் ஷிப்டுக்குப் போன பெண்கள் பூதக்கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துச் சேர்த்த சில்லுகள் அவை. ஆட்டத்தின் வரைபடத்தில் நாம் இல்லாத நாளிலும் ஆட்டம் ஓடிய இயந்திரத்துக்குள் இந்த ஊர் இருந்தது. எந்த ஆப்ஷனைத் தட்டினாலும் அது திரையில் வராது.

எனவே என் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும். டெஃபினிட்டிவ் பதிப்பு நமக்கு இடம் கொடுத்தது, அதற்காக அதை ஆட வேண்டும், ஆடிக்கொண்டே அதோடு சண்டை போட வேண்டும். ஆனால் அது 'முடிவான' பதிப்பு அல்ல. பக்கத்திலேயே 1999ஐயும் ஓடவைத்து வைத்துக்கொள்ளுங்கள், 800×600இல், ஓரத்தில் கறுப்புப் பட்டையோடு. உலகத்தின் வரைபடத்தை வரைந்தவர்கள் அன்று யாரையெல்லாம் மறந்தார்கள் என்பதற்கு அந்தச் சீடிதான் ஆதாரம். ஆதாரத்தை நாமே தூக்கிப் போட்டுவிட்டால், நாளைக்கு 'நீங்கள் எப்போதும் இங்கேதானே இருந்தீர்கள்' என்று யாராவது சொல்லும்போது மறுக்க நம் கையில் ஒன்றும் இருக்காது.