ஏராவும் வங்கும்: வல்வெட்டித்துறையும் நம் கரையும்

குற்றாலத்துச் சாரலில் சந்தித்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், நான் திருவேங்கடத்துக்காரன் என்றதும், "கடலே இல்லாத ஊர் ஆக்களுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் தம்பி? எங்கட ஆக்கள் கட்டின கப்பல் அமெரிக்காவுக்கே போனது" என்றார். சொன்னது உண்மை. சொன்ன விதம்தான் உறுத்தியது.

அவர் சொன்ன கப்பல், 1930இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்னும் 89 அடி நீளப் பாய்க்கப்பல். அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிச் சென்று 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். தமிழர் எல்லோருக்கும் அது பெருமை. ஆனால் ராபின்சன் வாங்கியது கட்டி முடித்த கப்பலை. அடிமரம் போடும் நாளிலிருந்தே சொந்தமாகக் கட்டுவித்த சிறு பாய்க்கப்பல் சுஹைலி. 1964இல் பம்பாயில் தேக்கில் கட்டி, கடலில் இறக்கியது. அதில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனியாளாக, எங்கும் நிற்காமல், 1969இல் உலகைச் சுற்றி முடித்தார். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர். வாய்ச்சி பிடித்து அந்தக் கட்டைகளைச் செதுக்கியது இந்தியத் தச்சர்களின் கை.

பெயர்களிலேயே இரு கரையும் பிரிகின்றன. மட்டக்களப்பில் தோணி என்றால் வாவியில் போகும் சிறு ஓடம். தூத்துக்குடியிலோ நூற்றுக்கணக்கான டன் சரக்கை மாலத்தீவுக்குக் கொண்டுபோகும் மரக்கலம். கிழக்கிலங்கையில் கதவு செய்கிறவரும் ஓடாவிதான்; நமக்கு ஓடாவி என்றால் மரக்கலம் கட்டுகிறவர்.

ஒரு கலத்தின் ஆயுள் முதல் சில மாதங்களிலேயே முடிவாகிவிடும். முதலில் ஏரா என்னும் அடிமரம். அது நேராக, நெடுமரமாக இருக்க வேண்டும். முன்னே அணியத்திலும் பின்னே அமரத்திலும் கட்டைகளை நிறுத்தித் தூக்குநூல் பிடித்துப் பார்ப்பார்கள். அடுத்தது வங்கு, கலத்தின் விலா எலும்பு. நேரான மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுபடும். அலை மோதும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும். அதனால் பிறவியிலேயே வளைந்த கிளையைத் தேட வேண்டும். அதற்கு நாட்டுக் கருவேலத்தை மிஞ்ச ஆளில்லை. அது வளர்வது எங்கே? எங்கள் கரிசல் பூமியின் கண்மாய்களில். கடல் இல்லாத ஊர்தான், பெரியவரே. உங்கள் கடலில் மிதப்பதற்கு விலா எலும்பு வளர்வது இங்கேதான்.

வல்வெட்டித்துறைப் பட்டறையில் வங்கை எப்படி வெட்டினார்கள் என்று அவரும் சொல்லவில்லை. மாலுமிகளின் வீரத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். இலங்கையின் இன்னொரு கலமான நீர்கொழும்பின் ஒருவ படகில் அடிப்பகுதியே குடைந்த மரம். மேலே பலகைகளைக் கயிற்றால் தைப்பார்கள். வேகமான, அழகான கலம், மறுக்கவில்லை. ஆனால் மரத்தின் பருமனைத் தாண்டி அடி அகலாது. நம் அதிராம்பட்டினத்து மீன்பிடி வத்தையிலோ வங்குகளின் வடிவத்தை முன்கூட்டியே வரைந்து, அவற்றை நிறுத்திய பிறகே பலகை அடிக்கிறார்கள். பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஷான் மெக்ரெய்ல் குழுவினர் வந்து ஆராய்ந்து எழுதிய முறை இது.

இலங்கை உள்நாட்டுப் போர் வல்வெட்டித்துறையைச் சிதைத்தது. அந்தத் துயரத்தை நம் வெற்றியாக எண்ணக் கூடாது. ஆனால் இந்தியக் கரையில் தொழில் அறுபடவில்லை. கோவாவின் திவார் தீவில், சட்டங்களின் மேல் சிவப்பு சீடர் மரப் பட்டிகளை ஒட்டி, கண்ணாடியிழை போர்த்துக் கட்டிய 56 அடிப் பாய்க்கப்பல் மாதேயி 2009இல் கடற்படையில் சேர்ந்தது. அதில் திலீப் தோண்டே தனியாக உலகைச் சுற்றி வந்தார்.

இன்று எங்கள் கண்மாய்களைச் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டிருக்கிறது. மிஞ்சிய நாட்டுக் கருவேலத்தை ஏலம் விடும்போது, வளைந்த கிளைகளை விறகு எடையில் போடாதீர்கள். வெட்டும் முன் தூத்துக்குடி ஓடாவிகளை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள்.