சாக்ஸபோனில் நாதம்: கத்ரி கோபால்நாத் காட்டிய வழி

சாக்ஸபோன் கமகத்துக்கு ஒத்து வராது என்று சொன்னவர்கள் உண்டு. அதற்கு வாசித்தே விடை சொன்னவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). அந்த விடை கடையில் வாங்கியதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மங்களூர்ப் பக்கத்தைச் சேர்ந்த அவருடைய தந்தை நாகசுர வித்வான்; மகனும் முதலில் கற்றது நாகசுரமே. மைசூர் அரண்மனை பாண்டில் கேட்ட சாக்ஸபோன் அவரை ஈர்த்தது. மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார்.

நாகசுரத்தில் துளையை விரலே மூடுகிறது. பாதி மூடி ஸ்வரத்தை வளைக்கலாம். சாக்ஸபோனில் துளையை மூடுவது கீயில் பொருத்திய பேட். ஆகவே அந்த வளைவில் பெரும்பங்கு உதட்டிலும் தொண்டையிலும் மூச்சிலும்தான் பிறக்கவேண்டும். கத்ரியின் விளம்பகால ஆலாபனையில் ஸ்வரம் அசையும்போதும் நாதம் மெலிவதில்லை. விரைவுச் சங்கதிகளில் அந்தக் கனம் சற்றுக் குறைவதாகவே எனக்குப் படுகிறது. 'டூயட்' (1994) படத்தில் அவர் வாசித்ததை மனப்பாடமாக வாசிக்கும் பிள்ளைகளிடம் விரல் வேகம் இருக்கிறது; நாதந்தான் இல்லை.

விலை உயர்ந்த வாத்தியம் வாங்கிக் கொடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நாம் நினைக்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது ரீட். தொடக்கத்தில் 2 அல்லது 2½ எண் போதும். கடினமான ரீட் என்றால் பெரிய நாதம் என்பது தப்பு எண்ணம். மூன்று நான்கு ரீட்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். அடுத்தது மௌத்பீஸ். வாய் அதிகம் திறந்த மௌத்பீஸ் பழகாத மூச்சைச் சீக்கிரம் களைக்க வைக்கும். கீழ் ஸ்வரங்கள் பேச மறுத்தால், பிள்ளையைத் திட்டுமுன் பேட்களில் காற்று கசிகிறதா என்று பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவும் சரியானபின் மிஞ்சுவது சாதகம். தினம் கால் மணி நேரம் சுருதிப் பெட்டியோடு ஒரே ஸ்வரத்தை ஒரே மூச்சில் மெல்லத் தொடங்கி, வளர்த்து, மீண்டும் தணிக்க வேண்டும், சுருதி அசையக்கூடாது. அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று பயந்து, நம் பிள்ளைகள் மூச்சையே ஒடுக்கி ஊதுகிறார்கள். மெதுவாக ஊதுவது வேறு, மூச்சைக் குறைப்பது வேறு. வயிற்றிலிருந்து வரும் மூச்சு தாங்கினால் மெல்லிய ஸ்வரமும் நிறைவாக ஒலிக்கும். அடுத்த வாத்தியத்துக்குப் பணம் சேர்க்குமுன் அந்தக் கால் மணி நேரத்தை வீட்டில் ஒதுக்கிக் கொடுப்போம்.