மலையேறும் ஏ.சி.

கோயம்புத்தூரில் ஏ.சி. வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்பது, அறை எவ்வளவு சீக்கிரம் குளிரும் என்று. அதே கடையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வீட்டுக்காக ஏ.சி. வாங்குகிறவரும் பெரும்பாலும் அதையேதான் கேட்கிறார். அவர் கேட்க வேண்டியது, அறை எவ்வளவு சூடாகும் என்று. மலைவீட்டு ஏ.சி.யின் நன்மையும் தீமையும் இந்தக் கேள்வியைப் பொறுத்தே அமைகின்றன.

மலையிலும் ஏ.சி. தேவைப்படுகிறது என்ற எண்ணத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியில் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. அந்த ஊருக்கு அது வரலாறு காணாத வெயில். ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் ஆண்டுக்குச் சில. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை ஊட்டியை அடுத்த தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழுந்து புல்வெளி வெளுக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு ஒரு கருவி வாங்கினால், அது இந்த நான்கு மாதங்களுக்குப் பயன்பட வேண்டும்.

மலைக்காரர்கள் குளிரைச் சமாளித்த விதங்கள் பழையவை. தோடர்களின் அரைவட்டக் கூரை வீட்டுக்குத் தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாசல். உள்ளே அடுப்பின் சூடு வெளியேற வழி குறைவு. கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் ஊட்டியில் கல் வீடு கட்டத் தொடங்கிய பிறகு, கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் வைத்த பங்களாக்கள் வந்தன. அவற்றுக்கு விறகு வேண்டும்; யூகலிப்டஸும் சீகையும் மலை முழுக்கப் பரவியதற்கு அந்தத் தேவையும் ஒரு காரணம். பைக்காரா நீர்மின் நிலையம் 1930-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கீழே இறங்கிக் கோவையின் பஞ்சாலைகளை ஓட்டியது. மின்சாரம் பிறந்த மலையில் பெரும்பாலான வீடுகள் விறகாலும் கரியாலுமே குளிர்காய்ந்தன. இன்றும் பல வீடுகளில் அதே நிலைதான். கூடுதலாக வந்தது கம்பி சிவக்கும் ரூம் ஹீட்டர்.

இந்த ஹீட்டரோடு ஒப்பிட்டால்தான் ஏ.சி.யின் பலம் தெரியும். கடைகளில் 'ஹாட் அண்ட் கோல்டு' என்று விற்கும் ஏ.சி.யில் ஃபோர் வே வால்வு என்ற ஓர் உறுப்பு கூடுதலாக இருக்கும். அது கேஸ் ஓடும் திசையை மாற்றிவிடும். கோடையில் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளும் இயந்திரம், குளிர்காலத்தில் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தரும். 5 டிகிரிக் காற்றிலும் உறிஞ்சுவதற்கு வெப்பம் உண்டு. ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தை எரித்தால் ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஏ.சி. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், வெளியே 7 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட்டுக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தரக்கூடியது.

கரன்ட் பில்லில் இதன் பொருள் என்ன? 2,000 வாட் ஹீட்டரை இரவில் நான்கு மணி நேரம் போட்டால் எட்டு யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 480 யூனிட். அதே வெப்பத்தை ஏ.சி.யில் எடுத்தால், உயரத்துக்கும் பனிக்கும் கழித்துக்கொண்டு ஒரு யூனிட்டுக்கு இரண்டரை என்று வைத்தாலும் 192 யூனிட் போதும். வீட்டின் மற்றச் செலவு 200 யூனிட் என்றால், ஹீட்டர் வீடு 680-ல் நிற்கும், ஏ.சி. வீடு 392-ல் நிற்கும். தமிழ்நாட்டுக் கட்டணத்தில் 500 யூனிட் என்பது பெரிய எல்லை. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் பறிபோகும்.

பணத்தைவிடப் பெரியது உயிர். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்களின் செய்தி மலை ஊர்களிலிருந்து அவ்வப்போது வருகிறது. ஏ.சி.யில் தீயும் இல்லை, புகையும் இல்லை. விறகுக்காகக் காட்டெருமையும் கரடியும் திரியும் சோலை ஓரம் பெண்கள் போக வேண்டியதும் இல்லை. வீடெங்கும் காற்றுக்குழாய் இழுக்காமல், சுவரில் ஒரு துளை போட்டு ஓர் அறையை மட்டும் சூடாக்கலாம். வயதானவர் படுக்கும் அறை, கைக்குழந்தை இருக்கும் அறை என்று தேர்ந்தெடுக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் அதே கண்டிப்போடு சொல்ல வேண்டும். முதலாவது உயரம். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அவுட்டோர் யூனிட்டின் விசிறி எவ்வளவு சுற்றினாலும் அதன் வழியே போகும் காற்று மெலிந்தது. எடுக்கும் வெப்பமும் குறையும். கோவை அறைக்கு ஒரு டன் போதும் என்ற கணக்கை அப்படியே மேலே கொண்டுபோக முடியாது.

இரண்டாவது பனி. ஜனவரி விடியலில் அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகளில் பனி வெள்ளையாகப் படியும். காற்று புக முடியாமல் போனதும் இயந்திரம் தானே திசை மாறும்; விசிறி நிற்கும், 'உஸ்' என்று கேஸ் திரும்பும் ஓசை வரும், தகடுகளிலிருந்து ஆவி எழுந்து தண்ணீர் சொட்டும். அந்தச் சில நிமிடங்கள் உள்ளே சூடு வராது. பழுது என்று நினைத்து மெக்கானிக்கை அழைப்பவர்கள் உண்டு. அது பழுது அல்ல. ஆனால் சொட்டும் நீர் வடிய வழியில்லாமல் தரையோடு ஒட்டி யூனிட்டைப் பொருத்தினால், அந்த நீரே அடியில் உறைந்து பழுதை வரவழைக்கும்.

மூன்றாவது குறை, நட்சத்திர முத்திரை. நம் நாட்டில் ஏ.சி.யின் நட்சத்திரங்கள் 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளிவெப்பத்தில் அது எவ்வளவு சிக்கனமாகக் குளிரூட்டுகிறது என்பதை வைத்துத் தரப்படுகின்றன. ஊட்டியில் 24 டிகிரி என்பதே நல்ல வெயில். ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்கும் மலைவாசிக்கு, வெப்பமூட்டும் சிக்கனத்தைப் பற்றி அந்த நட்சத்திரங்கள் எதுவுமே சொல்வதில்லை. இந்தக் குறைக்கு இயந்திரம் பொறுப்பல்ல. சமவெளியை மட்டும் மனத்தில் வைத்து விதி வகுத்தவர்கள்தான் பொறுப்பு.

நான்காவது வீடு. ஓடு போய்க் கான்கிரீட் வந்த பிறகு மலைவீடுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கூரை வழியே இழக்கின்றன. ஜன்னல் இடுக்கிலும் கதவின் அடியிலும் காற்று புகுகிறது. இன்டோர் யூனிட்டைச் சுவரின் உச்சியில் மாட்டுவது குளிர்காற்று கீழே இறங்கட்டும் என்பதற்காக. சூடான காற்றோ மேலேயே தங்கும். பழைய பங்களாக்களின் உயர்ந்த கூரையின் கீழ் தலை வேர்க்கும், கால் விறைக்கும். ஓதம் இன்னொரு தொல்லை. அறையைச் சூடாக்கினால் சுவர் உலர்ந்ததுபோல் தெரியும். ஆனால் ஈரம் வெளியேறியிருக்காது. பகலில் ஜன்னலைத் திறந்துவிடாத அறையில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

ஐந்தாவது மின்தடை. காற்றுமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மலையில் மின்சாரம் திரும்ப நேரமாகும். குளிர் கடுமையான அந்த இரவில் ஏ.சி. வெறும் பெட்டி. கணப்பு அடுப்பு இருக்கும் வீட்டுக்காரர் அதை இடித்துவிட்டு ஏ.சி. மாட்டுவது பெரும் தவறு.

ஆகவே என் தீர்ப்பு இது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் உயரத்தில், ரூம் ஹீட்டருக்கும் கரி அடுப்புக்கும் மாற்றாக ஹாட் அண்ட் கோல்டு ஏ.சி. மிக நல்லது, குளிர்ச்சிக்காக மட்டும் ஏ.சி. வாங்குவது வீண்செலவு. ஏற்காடு, வால்பாறை போன்ற இடைப்பட்ட உயரங்களில், கூரைக்கும் ஜன்னலுக்கும் செலவழித்துப் பார்த்துவிட்டு, பிறகும் போதாவிட்டால் யோசிக்கலாம். எங்கே ஆனாலும் முதல் ரூபாய் இடுக்குகளை அடைப்பதற்கும் கூரைக்கு வெப்பத்தடுப்பு போடுவதற்கும் போக வேண்டும். ஓட்டை வீட்டைச் சூடாக்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஆனால் தனிமனிதரின் தேர்வோடு இது முடிந்துவிடக் கூடாது. கோவை, திருப்பூர்க்காரர்களின் விடுமுறை வீடுகளுக்கு ஏ.சி. எளிதில் வந்துவிடும். எஸ்டேட் லயன் வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுக்கும் தேயிலைத் தொழிலாளிக்குத்தான் குளிர் அதிகம். அவருக்கு முதலில் தேவை நல்ல கூரை. அதை நிர்வாகமும் அரசும் தர வேண்டும். வெப்பமூட்டும் திறனுக்கும் தனி நட்சத்திரம் தர வேண்டும். மோட்டாரும் பம்பும் செய்து நாட்டுக்கே கொடுத்த கோயம்புத்தூருக்கு, மெல்லிய காற்றுக்கும் உறைபனிக்கும் ஏற்ற கருவியை வடிவமைப்பது எட்டாத வேலை அல்ல. மலையின் மின்சாரத்தில் வளர்ந்த ஊர் மலைக்குச் செய்ய வேண்டிய கடமையும் அது.