பேரிடுவாள் / பேரிடுவார்கள்

ஏசாயா 7:14இல் வரும் 'அல்மா' என்கிற எபிரேயச் சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது? இந்தச் சண்டைக்குப் பதினெட்டு நூற்றாண்டு வயசாகிவிட்டது. அல்மா என்றால் மணப்பருவத்து இளம்பெண், அவ்வளவுதான். கிறிஸ்துவுக்கு முந்தைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதைப் 'பார்த்தெனோஸ்' (கன்னி) ஆக்கியது. மத்தேயு அதை எடுத்து இயேசுவின் பிறப்போடு சேர்த்தார். இரண்டாம் நூற்றாண்டில் அக்கிலா மறுபடி கிரேக்கத்தில் பெயர்த்தபோது 'நெயானிஸ்' (இளம்பெண்) என்று போட்டார். 1952இல் ஆங்கிலத் திருத்தப் பதிப்பு ஒன்று 'இளம்பெண்' என்றதும், அமெரிக்காவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தையே கொளுத்தினார். தமிழில் பழைய வேதாகமத்துக்குக் 'கன்னிகை'. 1995 திருவிவிலியத்துக்கு 'இளம்பெண்'.

மொழியியல்ரீதியாக நான் இளம்பெண் பக்கம்தான். சரி, அப்புறம்? இரண்டு தரப்புமே ஒரு பெண்ணுடம்பைச் சோதனை போட்டுக்கொண்டிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தச் சோதனைக்குச் சொற்களும் ஒத்துழைப்பதில்லை. ஆதியாகமம் 34:3இல், வன்புணர்வுக்கு ஆளான பிறகும் தீனாளைக் கிரேக்கப் பிரதி பார்த்தெனோஸ் என்றே அழைக்கிறது. கன்னிக்கான 'சரியான' எபிரேயச் சொல் என்று காட்டப்படுகிற 'பெதூலா', யோவேல் 1:8இல் தன் இளவயசுப் புருஷனுக்காக அழுகிறாள்.

இந்தக் களேபரத்தில் அரசியல் காணாமல் போகிறது. சுமார் கி.மு. 735. சீரிய மன்னன் ரேத்சீனும் இஸ்ரவேல் மன்னன் பெக்காவும் எருசலேமின்மேல் படையெடுத்து வருகிறார்கள். யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்கிப்போய் அசீரியப் பேரரசின் காலில் விழப் பார்க்கிறான். இவர்கள் வெறும் புகைகிற கொள்ளிக்கட்டைகள், பயப்படாதே என்கிறார் ஏசாயா. அடையாளமாக ஒரு குழந்தையைக் காட்டுகிறார்: அதற்கு நன்மை தீமை தெரிகிற வயசு வருவதற்குள் அந்த இரண்டு தேசங்களும் பாழாகும். குழந்தை இங்கே ஒரு கடிகாரம். கி.மு. 732இல் தமஸ்கு விழுந்தது. ஆனால் ஆகாஸ் அதற்கு முன்பே கோயில் வெள்ளியையும் பொன்னையும் அள்ளி அசீரியனுக்கு அனுப்பிவிட்டான்.

இன்னொன்றும் காணாமல் போகிறது: வினைமுற்று. மரபான எபிரேயப் பிரதியில் குழந்தைக்கு இம்மானுவேல் என்று பெயர் வைப்பவள் அந்தப் பெண். பழைய தமிழ் வேதாகமமும் 'பேரிடுவாள்' என்றே சொல்கிறது. சாக்கடல் பகுதியில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருளில் பெண்பால் விகுதி இல்லை. கிரேக்கத்தில் 'நீ பேரிடுவாய்', அதாவது ராஜா. மத்தேயுவில் 'பேரிடுவார்கள்'. 'ஆள்' போய் 'ஆர்கள்' வந்துவிட்டது. இதற்காக யாரும் பக்கத்தைக் கொளுத்தவில்லை.

அவள் கன்னியா என்று கேட்டவர்கள், அவள் என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. படை வாசலில் நிற்கிறது, ராஜா நடுங்குகிறான். ஒரு கர்ப்பிணி தன் பிள்ளைக்குக் 'கடவுள் நம்மோடு' என்று பெயர் வைக்கிறாள். இந்தத் தீர்க்கதரிசனத்தில் பயப்படாத மனுஷி அவள் ஒருத்திதான் என்பது என் வாசிப்பு. அடுத்த தடவை யாராவது அல்மாவைப் பற்றி வாதாட வந்தால், 'ஆள்' என்ன ஆச்சு என்று கேட்டுப்பாருங்கள்.