உம்மு ஸுஃபர் கேட்டது என்ன?

நம் பயான் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் நபிமொழிகளுள் ஒன்று, வலிப்பு நோயுற்ற பெண்மணியைப் பற்றியது. ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவானது. ஆயினும் அது பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்தப்படுகிறது.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதா இப்னு அபீ ரபாஹ் அவர்களுக்குச் சுவனத்துப் பெண்மணி ஒருவரைக் காட்டுகிறார்கள். கறுத்த மேனியரான அவர், அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தாம் வலிப்பால் வீழ்வதையும் அப்போது ஆடை விலகுவதையும் கூறி, துஆ வேண்டியவர். பொறுத்தால் சுவனம் உண்டு. விரும்பினால் நலம்பெற இறைஞ்சுவதாகப் பெருமானார் (ஸல்) கூறினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ கேட்டார். பெருமானாரும் அவ்வாறே இறைஞ்சினார்கள். உம்மு ஸுஃபர் எனும் அம்மாதரசியைக் கஅபாவின் திரையருகே கண்டதாக அதா அவர்கள் அறிவிப்பதையும் புகாரி தருகிறது.

‘பொறுமைக்குச் சுவனம்’ என்றவுடன் நம் பேச்சாளர் பலர் முடித்துவிடுகின்றனர். நோயைச் சொன்னவர் நோயாளியே. தேர்வு செய்தவரும் அவரே. அவர் கேட்டது தம் மானத்திற்குக் காவல். இம்மூன்றும் விடுபட்டால் எஞ்சுவது, ‘வாய்மூடிப் பொறு’ என்னும் கட்டளை மட்டுமே.

தமிழிலக்கியத்திலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்க இடமுண்டு. 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் கொல்லி மழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடக்கிறாள். அதனை வலிப்பெனக் கொள்வோர் பலர். அங்கே துயர் உரைப்பவன் தந்தை; திருஞானசம்பந்தர் பாட, நோய் நீங்குகிறது. நபிமொழியிலோ நோயுற்றவரே பேசுகிறார். நோயோடு வாழவேண்டிய நாட்களைப் பற்றிப் பேசுகிறார். நாட்பட்ட நோயுடைய பெண்ணின் கவலையும் அதுவேயன்றோ?

அரபியில் இந்நோய்க்குரிய ‘ஸர்உ’ என்ற சொல் வீழ்த்துதலைக் குறிக்கும். மற்போருக்கும் அதே வேர்ச்சொல். தமிழின் ‘வலிப்பு’ இழுத்தலைச் சொல்லும். இரண்டும் உடலுக்கு நேர்வதைச் சொல்கின்றனவேயன்றிக் குலத்திற்குப் பழி சொல்லவில்லை. அப்பழியை ஏற்றியவர்கள் நாமே. நாட்டின் சட்டமும் ஒரு காலத்தில் அதற்குத் துணைபோயிற்று. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பைச் சித்தப்பிரமையோடு சேர்த்து மணத்தடையாக வைத்தது. 1999இல் வலிப்பு அதிலிருந்து நீக்கப்பட்டது. சம்பந்தம் பேசும் வீடுகளில், எந்தச் சமுதாயமாயினும், அத்தடை இன்னும் நீங்கவில்லை.

ஆகவே நோயை ஒளித்து நிக்காஹ் செய்விக்கிறார்கள். புகுந்த வீட்டில் மருமகள் மாத்திரையைத் துணிமடிப்பில் ஒளிக்கிறாள்; வேளை தவறுகிறது; வலிப்பு திரும்புகிறது. வால்ப்ரோயேட் போன்ற மருந்து கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடும். தானே நிறுத்தினாலோ தாய்க்கு ஆபத்து. கருவுறுமுன்பே மருத்துவரைக் கலந்து மருந்தை மாற்றவேண்டும். ஒளித்து வைத்த நோய்க்கு எவ்வாறு ஆலோசனை கேட்பாள்? மானம் காத்தல் வேறு, நோயை மறைத்தல் வேறு. உம்மு ஸுஃபர் முன்னதைக் கேட்டார். நாம் பின்னதைச் சுமத்துகிறோம்.

பொறுமை மருந்துக்குப் பகையுமன்று. நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியவர்களும் பெருமானாரே. உரிய சிகிச்சையால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தென்பெண்ணைக் கரையிலுள்ள நம் மூங்கில்துறைப்பட்டார்க்கும் கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வீதியில் ஒரு பெண் வலிப்பால் வீழ்ந்தால் நாம் முதலில் தேடுவது இரும்புச் சாவியை. அதனால் பயனில்லை. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணியாது, ஆடையைச் சீர்செய்து, கூட்டத்தை விலக்குங்கள். ஐந்து நிமிடத்திற்குமேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அன்று அப்பெண்மணி இறைவனிடம் வேண்டிய மறைப்பை, இன்று நம் கைகளாலேயே கொடுக்கவியலும். ஆலிம் பெருமக்கள் இந்நபிமொழியை இனி முழுமையாகச் சொல்வார்களாக.