பேதுருவின் மூன்று விடைகள்

யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவை மும்முறை வினவுகின்றார். தம்மை அறியேன் என மும்முறை மறுதலித்தவரிடம் அவர் வினவுவது அன்பைப் பற்றியே. தவறியவர் அன்பின் வழியே நம்பிக்கையில் வளர்தல் இவ்வுரையாடலில் எங்ஙனம் புலப்படுகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கிரேக்க மூலத்தில் முதலிரு வினாக்களில் 'அகபாவோ' என்னும் வினைச்சொல்லும், இறுதி வினாவிலும் விடைகள் மூன்றிலும் 'பிலேயோ' என்னும் வினைச்சொல்லும் பயில்கின்றன. முன்னது உயர்ந்த அன்பு, பின்னது வெறும் நட்பு. பேதுருவின் எளிய நிலைக்கு இயேசு இறங்கி வந்தார் என்று விளக்குவாரும் உளர். உள்ளத்தைத் தொடும் விளக்கமே. எனினும் நூல்வழக்கு அதற்குத் துணைநிற்கவில்லை. தந்தை மகன்பால் கொண்ட அன்பை இந்நூல் 3:35-இல் முன்னைய சொல்லாலும் 5:20-இல் பின்னைய சொல்லாலும் குறிக்கின்றது. ஆதலின் இச்சொற்களிடையே உயர்வு தாழ்வு கற்பித்தல் பொருந்தாது.

வளர்ச்சி, சொல் வேறுபாட்டில் அன்று, விடையின் அமைப்பிலேயே விளங்குகின்றது என்பது நம் கருத்து. எல்லாரும் இடறினும் தாம் இடறுவதில்லை எனப் பேதுரு முன்பு உறுதிமொழிந்ததை மத்தேயு 26:33 கூறும். இங்கு முதல் வினா, மற்றையோரினும் மிகுதியாக அன்பு செய்கின்றனையோ என்னும் ஒப்பீட்டோடு அமைந்தது. விடையிலோ அவ்வொப்பீடு இல்லை. அன்றியும், தம் அன்பிற்குச் சான்றாகப் பேதுரு தம் மனவுறுதியைக் காட்டவில்லை. அதனை இயேசு அறிவார் என்பதையே மூன்று விடைகளிலும் காட்டுகின்றார். தன்னை நம்பிய நா, தன்னை அறிந்தவரை நம்பக் கற்றுக்கொண்டது.

இதனால் பழைய தோல்வி மறைக்கப்பட்டதோ எனின், இல்லை. கரிநெருப்பைக் குறிக்கும் 'அந்த்ரகியா' என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் ஈரிடத்தே வருவது: ஒன்று மறுதலிப்பு நிகழ்ந்த முற்றம் (18:18), மற்றொன்று இக்கடற்கரை (21:9). மூன்றாம் முறை வினவப்பட்டபோது பேதுரு வருந்தினார் என்றும் நூல் கூறுகின்றது. புண் திறக்கப்பட்டே ஆற்றப்படுகின்றது.

ஒவ்வொரு விடையின் பின்னும் மந்தையைப் பேணும் பணி அளிக்கப்படுகின்றது. உயிரையும் தருவேன் என்று 13:37-இல் பேதுரு கூறியது அன்று நிறைவேறவில்லை. 21:18-19-இல் அவர்தம் இறப்பு முன்னுரைக்கப்படுகின்றது. வீறுரையால் கைகூடாதது, அன்பின் பணியால் கைகூடும் என்பதே இப்பகுதி உணர்த்தும் உண்மை.